இன்னும் இரண்டு ரவுண்டு

குத்துச்சண்டையில் எல்லாரையும்விட வீரமான ஆள் யார் என்று கேட்டால், ரிங்குக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன் என்றுதான் சொல்வேன். அவன் எதற்கும் பயப்படமாட்டான். எத்தனை குத்து விழுந்தாலும் அசரமாட்டான். மூக்கில் ரத்தம் வந்தாலும் ‘விடாதே, இன்னும் அடி’ என்று கடைசிவரை நிற்பான், மூக்கு அவனுடையது இல்லையே. ஒரு காலத்தில் நான் அப்படிப்பட்ட மாவீரனாக இருந்தேன். என் வீரத்தால் ஒரு மனிதனுக்கு ஒரு காது போயிற்று. அது என் காது அல்ல என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். நான் விழுப்புரம் ஜங்ஷனில் கூட்ஸ் ஷெட் குமாஸ்தா. என் வாழ்க்கையில் அதுவரை நான் குத்தியிருந்தது ரப்பர் ஸ்டாம்ப் மட்டும்தான். (அதையும் பலமுறை தலைகீழாகக் குத்தி வசவு வாங்கியிருக்கிறேன்.) ஆனாலும் பாக்ஸிங் விஷயத்தில் என்னை மிஞ்ச மெட்ராஸிலிருந்து தனுஷ்கோடி வரைக்கும் எந்த ஸ்டேஷனிலும் ஆள் கிடையாது என்று நம்பிக்கொண்டிருந்தேன். காரணம், ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் துரைமார்கள் படித்துவிட்டுத் தூக்கிப்போடும் விளையாட்டுப் பத்திரிகைகள். அவை பியூன் வழியாக என் கைக்கு வரும். பாதி புரிந்தும் பாதி புரியாமலும் படித்து, எந்தக் குத்துக்குப் பாயிண்ட் உண்டு, எதற்குக் கிடையாது என்று உருப்போட்டு வைத்திருந்தேன். இன்ஸ்டிட்யூட்டில் ஆங்கிலோ இந்தியப் பையன்கள் பயிற்சி செய்யும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்று மனசுக்குள் மார்க் போடுவேன். உள்ளே விடமாட்டார்கள்.

உள்ளே விடப்பட்டவன் சவரிமுத்து. என் தங்கை ஞானம்மாவின் புருஷன், லோகோ ஷெட்டில் ஃபயர்மேன். கரி அள்ளி அள்ளித் தோள் இரண்டும் அரிசி மூட்டை மாதிரி இருக்கும். அந்தப் பையன்களுக்கு அடித்துப் பழக ஓர் ஆள் தேவைப்பட்டது. அதற்காகத்தான் அவனைக் கூப்பிட்டார்கள். அடி வாங்கப் போனவன் இரண்டு வருஷத்தில் திருப்பி அடிக்கவும் கற்றுக்கொண்டான். பிறகு அவனைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

சவரி இதையெல்லாம் பெரிதாக நினைத்தவன் இல்லை. வேலை முடிந்ததும் குளித்துவிட்டுச் சாப்பிட்டுத் தூங்குவான். அவனுக்குள் ஒரு சாம்பியன் இருப்பதாகக் கண்டுபிடித்தது நான்தான். கல்யாணத்துக்கு முன்பே நாங்கள் சிநேகிதர்கள். அவன் என்னை மச்சான் என்பான், நான் அவனை மாப்ள என்பேன். நான் சொன்னால் தட்டமாட்டான். அதுதான் அவனிடம் இருந்த ஒரே கெட்ட குணம்.

அந்தச் சமயத்தில் ஒரு பாக்ஸிங் கம்பெனி திண்டிவனத்தில் டேரா போட்டது. ஊர் ஊராகக் கூடாரம் அடித்துச் சண்டை காட்டுகிற கம்பெனி. அவர்களுடைய சாம்பியன் பெயர் மாசிலாமணி, ராயபுரத்துக்காரன். நோட்டீஸில் ‘மெட்ராஸ் மின்னல்’ என்று போட்டிருந்தார்கள். ராஜதானி சாம்பியன் என்றும் போட்டிருந்தார்கள். (அந்தப் பட்டத்தை யார் கொடுத்தார்கள் என்று போடவில்லை.) ஆறு ரவுண்டு அவனோடு நின்று பாயிண்டில் ஜெயிக்கிறவனுக்கு வெள்ளிப் பூண் போட்ட பெல்ட். நான் சவரியின் பெயரைக் கொடுத்துவிட்டு வந்து, அதற்குப் பிறகு சவரியிடம் சொன்னேன்.

ஞானம்மா அப்போது முழுகாமல் இருந்தாள். ஆறாம் மாசமோ ஏழாம் மாசமோ. விஷயத்தைக் கேட்டதும் அவள் சத்தம் போடவில்லை. சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டு, போகக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னாள். நான் பத்திரிகையில் படித்ததையெல்லாம் எடுத்துவிட்டேன். கையுறை பஞ்சு வைத்தது, வலிக்காது, ஆறு ரவுண்டு என்பது ஒரு வண்டிக்குத் தண்ணீர் பிடிக்கிற நேரம்தான், மத்தியஸ்தர்களில் ஒருவர் டாக்டர். சவரி சுவரில் சாய்ந்துகொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் அவள் இறங்கி வந்தாள்.

“நீ கூட போறதா இருந்தா அனுப்புறேண்ணா. இங்கேருந்து எப்படிப் போறாரோ அப்படியே இட்டாந்து உட்டுடு.”

நான் மார்பில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். சிலுவை போட்டுக்கொண்டதாகக்கூட ஞாபகம்.

சனிக்கிழமை மத்தியானப் பாசஞ்சரில் கிளம்பினோம். லோகோ ஷெட்டிலிருந்து ஒரு பெரிய கூட்டமே வந்தது. விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் சவரி அரைத் தூக்கம் போட்டுவிட்டான். நான்தான் பெட்டியில் நின்றுகொண்டு, இடது கையை எப்படி நீட்ட வேண்டும், மாசிலாமணி வலது பக்கம் சாயும்போது எங்கே குத்த வேண்டும் என்று எல்லாருக்கும் செய்து காட்டிக்கொண்டு வந்தேன். மாசிலாமணியை நான் பார்த்ததே கிடையாது.

கூடாரம் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் இருந்தது. மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. கேஸ் லைட் வைக்க வழியில்லாததால் வெயில் சாய்ந்ததும் ஆரம்பித்து இருட்டுவதற்குள் முடித்துவிடுவார்கள். மல்லாட்டை பிடுங்குகிற பருவம். (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர்.) வாசலில் அவித்த மல்லாட்டையைக் கூடை கூடையாக வைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு பெரிய பொட்டலம் வாங்கிக்கொண்டேன். தின்பதற்கு இல்லை. மார்க் போடுவதற்கு.

என் முறையைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நான் ஆபீஸ் கோட்டைப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். அதற்கு இரண்டு பக்கமும் ஆழமான பை. மடியில் பொட்டலம். சவரியின் குத்து சுத்தமாக விழுந்தால் இடது பையில் ஒரு மல்லாட்டை. மாசிலாமணியின் குத்து விழுந்தால் வலது பையில் ஒன்று. கண்ணை ரிங்கிலிருந்து எடுக்கவே வேண்டாம். துரைமார்கள் பேப்பரும் பென்சிலும் வைத்துக்கொண்டு குனிகிற நேரத்தில் இரண்டு குத்தைத் தவறவிடுகிறார்கள், என் முறையில் அந்தக் குறை கிடையாது என்று பக்கத்தில் இருந்த ஃபிட்டர் கோவிந்தனிடம் விளக்கினேன். கோவிந்தன் தலையை ஆட்டினான். அவன் யார் என்ன சொன்னாலும் தலையை ஆட்டுகிறவன்.

மணி அடித்தார்கள். முதல் இரண்டு ரவுண்டும் சவரி கரி தள்ளுகிற மாதிரி குத்தினான். மாசிலாமணி ஒல்லி, வயசும் முப்பதுக்கு மேல் இருக்கும். பின்னால் பின்னால் போய்க்கொண்டிருந்தான். என் இடது பை கனத்தது. ஒவ்வொரு ரவுண்டு முடிந்ததும் பின்வரிசைக்காரர்கள் என் தோளைத் தட்டி, கணக்கு என்ன என்று கேட்பார்கள். நான் வாயைத் திறக்காமல் இடது பையைத் தட்டிக் காட்டுவேன். அந்தச் செய்தி வரிசை வரிசையாகப் பின்னால் போகும். டிக்கெட் இல்லாமல் புளியமரத்தில் ஏறி உட்கார்ந்திருந்தவர்கள்வரை போகும். அங்கேயிருந்து விசில் வரும். அந்த விசில் எனக்காக அடிக்கப்பட்டது என்றே எனக்குத் தோன்றியது. ரிங்குக்குள் ஒருவன் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது கொஞ்சம் மறந்துபோயிற்று.

மூன்றாவது ரவுண்டிலிருந்து மாசிலாமணி பின்னால் போவதை நிறுத்தினான். சவரியின் வயிற்றில் சின்னச் சின்னதாகக் குத்த ஆரம்பித்தான். பார்க்கும்போது தட்டிக் கொடுக்கிற மாதிரி இருக்கும். அதில் பாதிக்கு நான் மார்க் போடவில்லை. சுத்தமாக விழவில்லை என்று தீர்மானித்தேன். சவரி முகம் சுளித்ததைப் பார்த்தேன். பார்த்தும் சுத்தமில்லை என்றுதான் தீர்மானித்தேன்.

ஆறாவது ரவுண்டு முடிந்தது. சவரி நின்றுகொண்டிருந்தான். உதடு கொஞ்சம் வீங்கியிருந்தது, அவ்வளவுதான். மத்தியஸ்தர்கள் மூன்று பேர், ஒரு வக்கீல், ஒரு டாக்டர், ஒரு மில் முதலாளி. தலையைச் சேர்த்து வைத்துப் பேசினார்கள். கம்பெனி மேனேஜர் ரிங்கில் ஏறி, பாயிண்ட் கணக்கில் மாசிலாமணி ஜெயித்ததாகச் சொன்னார். இந்த ஜில்லாவில் மாசிலாமணி முன்னால் ஆறு ரவுண்டும் நின்ற முதல் ஆள் சவரிமுத்துதான் என்றும் சொன்னார். கூட்டம் கைதட்டியது. சவரி மாசிலாமணியைக் கட்டிக்கொண்டான். பிறகு முக்காலியில் உட்கார்ந்து ஒரு கையுறையைக் கழற்றிவிட்டு, யாரோ கொடுத்த கோலி சோடாவைக் குடிக்க ஆரம்பித்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவனின் சிரிப்பு.

அந்த நிமிஷத்தில் நான் செய்ய வேண்டியிருந்தது ஒன்றுதான். அவன் சட்டையை எடுத்துக் கொடுத்து, வண்டிக்கு நேரமாயிற்று என்று சொல்லியிருக்க வேண்டும்.

நான் பெஞ்சின் மேல் ஏறினேன்.

என்ன கத்தினேன் என்று ஞாபகமில்லை. அநியாயம் என்ற சொல் நிறைய இருந்தது. கூட்டம் திரும்பிப் பார்த்ததும் இறங்கி நேராக மத்தியஸ்தர்களின் மேஜைக்குப் போனேன். இடது பையிலிருந்ததைக் கொட்டினேன். ஒரு குவியல். வலது பையிலிருந்ததைக் கொட்டினேன். ஒரு கை அளவுகூட இல்லை. வக்கீல் மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு, இது என்ன என்று இங்கிலீஷில் கேட்டார். நான் இங்கிலீஷிலேயே பதில் சொன்னேன்.

இதை இளக்காரமாகச் சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் அன்றைக்கு அது எனக்குச் சின்ன விஷயமாக இல்லை. எங்கள் அப்பா கிளியனூர்ப் பக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் கேப்பை அறுத்துப் பிழைத்தவர். இந்த மாதிரி ஆட்களுக்கு முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, தெருவோரமாக நின்றே பேசியவர். அவருடைய மகன் கோட்டுப் போட்டுக்கொண்டு, வக்கீலின் மேஜை மேல் மல்லாட்டையைக் கொட்டி, உங்கள் கணக்கு தப்பு என்று இங்கிலீஷில் சொல்கிறான். மேஜையை ஓங்கித் தட்டினேன். நியாயத்துக்காகத் தட்டினேன் என்று நினைத்துக்கொண்டேன்.

கூட்டத்துக்கு என் இங்கிலீஷ் புரியவில்லை. குவியல் புரிந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் எது பெரிசு எது சின்னது என்று தெரியும். லோகோ ஷெட்காரர்கள் எழுந்தார்கள். திண்டிவனத்துக்காரர்களும் எழுந்தார்கள், அவர்களுக்கு மெட்ராஸ்காரன் தோற்றால் போதும். கூடாரத்துக் கயிற்றை யாரோ பிடித்து இழுத்தார்கள். மேனேஜர் அனுபவசாலி. மத்தியஸ்தர்களிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டு, கணக்கில் சந்தேகம் இருப்பதால் இன்னும் இரண்டு ரவுண்டு நடக்கும், அதில் ஜெயிக்கிறவனுக்கே பெல்ட் என்று அறிவித்தார். வெற்றி. என்னைத் தூக்கி இறக்கினார்கள்.

நான் ஓடிப்போய் சவரியிடம் சொன்னேன். அவன் சோடா பாட்டிலைக் கீழே வைத்தான்.

“மச்சான், நான் தோத்துட்டேன். அடி வாங்குனவன் எனக்குத் தெரியாதா? உட்டுரு, வூட்டுக்குப் போலாம்.”

“உனக்குத் தெரியாது மாப்ள. கணக்கு என்கிட்ட இருக்குது,” என்றேன்.

அவன் கீழே கிடந்த கையுறையை எடுத்தான். பின்னால் கூட்டம் அவன் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தது. கழற்றிய கையுறையை அவனால் ஒரு கையால் மாட்ட முடியவில்லை. நான்தான் மாட்டி, கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டேன். நன்றாக இறுக்கி.

ஏழாவது ரவுண்டில் சவரியின் கை மேலே எழவே இல்லை. வயிற்றில் வாங்கியதெல்லாம் அப்போதுதான் பேச ஆரம்பித்திருந்தது. மாசிலாமணி அவனைச் சுற்றிச் சுற்றி வந்தானே தவிர, அதிகமாக அடிக்கவில்லை. பின்வரிசையிலிருந்து யாரும் என்னிடம் கணக்குக் கேட்கவில்லை. எட்டாவது ரவுண்டில் சவரி ஒரே ஒரு தடவை முழு பலத்தோடு கை வீசினான். அது காற்றில் போயிற்று. திரும்பி வந்த குத்து அவன் இடது காதோரம் விழுந்தது. சவரி பக்கவாட்டில் சரிந்து, மூலைக் கம்பத்தில் தலை மோதிக் கீழே விழுந்தான்.

ரெஃபரி எண்ண ஆரம்பித்தார். நான் எழுந்திருக்கவில்லை, கத்தவில்லை. என் கை தானாகப் பொட்டலத்திலிருந்து ஒரு மல்லாட்டையை எடுத்து வலது பையில் போட்டது. சுத்தமான குத்து.

சவரி எழுந்திருக்க ரொம்ப நேரம் ஆயிற்று. காதிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. டாக்டர் பஞ்சு வைத்து அழுத்தி, காது ஜவ்வு கிழிந்திருக்கும்போல் தெரிகிறது, பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுங்கள் என்றார். கூட்டம் கலைந்துவிட்டது. கயிற்றைப் பிடித்து இழுத்தவர்களில் ஒருவன்கூட இல்லை. சவரியை ஒரு பக்கம் கோவிந்தன் தாங்க, இன்னொரு பக்கம் தாங்கியவன் மாசிலாமணி. பெல்ட்டை எங்கே வைத்தானோ தெரியவில்லை. நான் சட்டையையும் துண்டையும் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

ஸ்டேஷன் பெஞ்சில் சவரியைப் படுக்கவைத்தோம். மாசிலாமணி கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டான். சண்டை போடுவான் என்று நினைத்தேன். அவன் உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவனைப் போலத்தான் கேட்டான்.

“இன்னா சார், உனுக்கும் அந்த ஆளுக்கும் எதுனா பழைய பகையா?”

அவர் என் தங்கையின் புருஷன் என்றேன். அவன் கூடாரத்துப் பக்கம் போய்விட்டான்.

வண்டி வருவதற்கு நேரமிருந்தது. நான் கோவிந்தனிடம் என் வழக்கை மறுபடியும் ஆரம்பித்தேன். ஆறாவது ரவுண்டு வரைக்கும் கணக்கு நம்முடையதுதான், மாசிலாமணிக்கு ஒரு கை மல்லாட்டைகூடத் தேறவில்லையே என்றேன். கோவிந்தன் தலையை ஆட்டினான். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, வலது பையிலிருந்து எடுத்து எடுத்து நான் தின்றுகொண்டே இருந்ததாகச் சொன்னான். கீழே என் காலடியில் உரித்த மல்லாட்டைத் தொப்பி குவிந்து கிடந்ததாம். மூன்றாவது ரவுண்டிலிருந்தே தின்றேனாம்.

அப்போதே சொல்லக் கூடாதா என்று கேட்டேன்.

“நீ என்னமோ கணக்குன்னு சொன்ன. எனக்கு என்னா தெரியும்? பசி போலக்குதுன்னு இருந்துட்டேன்,” என்றான்.

என்னுடைய பாக்ஸிங் சாஸ்திரம் முழுவதும் அத்தோடு முடிந்தது. மாசிலாமணி உழைத்துச் சம்பாதித்த பாயிண்டையெல்லாம் நான் உரித்துத் தின்றிருக்கிறேன். உப்பும் சரியாக இருந்தது.

வீட்டுக்குப் போனபோது ஞானம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். சவரி தானாகவே நடந்துதான் வந்தான், ஆனால் சுவரைத் தொட்டுத் தொட்டு வந்தான். அவள் விளக்கை உயர்த்தி அவன் முகத்தைப் பார்த்தாள், காதிலிருந்த பஞ்சைப் பார்த்தாள். ஆறு ரவுண்டு வரைக்கும் ஒன்றும் ஆகவில்லை, அதற்கப்புறம் இரண்டு ரவுண்டு சேர்த்து வைத்ததில்தான் இப்படி என்று நான் விளக்கமாகச் சொன்னேன். அதைச் சொன்னால் ஆறுதலாக இருக்கும் என்று எப்படி நினைத்தேனோ.

“ஆறு முடிஞ்சதும் இட்டுக்கினு வந்திருக்கலாமேண்ணா,” என்றாள்.

அவ்வளவுதான். கதவைச் சாத்திக்கொண்டாள். பிறகு குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்வரை என்னோடு பேசவில்லை.

இடது காது திரும்பவே இல்லை. ரயில்வே டாக்டர் அந்தப் பக்கம் நின்று பேசிப் பார்த்தார், விசில் ஊதிப் பார்த்தார். கேட்காதவனை இன்ஜினில் ஏற்ற முடியாது. டிரைவராக வேண்டியவன் என்று ஷெட்டில் எல்லாரும் சொன்ன ஆளை விளக்கு அறையில் போட்டார்கள். சிக்னல் விளக்குகளைத் துடைத்து, எண்ணெய் ஊற்றி வைக்கிற வேலை. ரிட்டயர் ஆகும்வரை அதைத்தான் செய்தான். இன்ஜின் சத்தம் மட்டும் ஒரு காதில் கேட்டுக்கொண்டிருந்தது. அவன் என்னைத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும். ஒரு நாளும் திட்டவில்லை. ஆனால் அன்றிலிருந்து எந்த வீட்டு விசேஷமானாலும், எந்தப் பந்தியானாலும், நான் வந்து உட்கார்ந்ததும் அவன் எழுந்து இடம் மாறி, நான் அவனுக்கு இடது பக்கத்தில் இருக்கும்படி உட்கார்ந்துகொள்வான். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வேறென்ன செய்வது?

ஞானம்மாவின் பெரிய மகனுக்குக் கல்யாணம். திண்டிவனத்தில்தான் பெண் எடுத்தார்கள். பந்தியில் வழக்கம்போல் நான் இடது பக்கம். இத்தனை வருஷம் கழித்து என்ன தோன்றியதோ, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே குனிந்து அவன் காதருகே, “மாப்ள, என்னை மன்னிச்சுடு” என்றேன். குரல் உடைந்துவிட்டது. கண்ணிலும் தண்ணீர்.

சவரி என் பக்கம் திரும்பவில்லை. பரிமாறுகிறவனைக் கை நீட்டிக் கூப்பிட்டான்.

“தம்பி, மச்சானுக்கு ரசம் வேணுமாம். ஊத்து.”

எதிர்வரிசையில் இருந்த ஞானம்மாவுக்கு நான் சொன்னது கேட்டிருந்தது. அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியதிலிருந்து சிரிக்கிறாள் என்று தெரிந்தது. சவரிக்கு நிஜமாகவே கேட்கவில்லையா, இல்லை கேட்டுத்தான் அப்படிச் சொன்னானா என்று அன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. இலையில் ரசம் வந்தது. நாலா பக்கமும் ஓடியது. அள்ளி அள்ளிக் குடித்தேன்.

இப்போது அவர்கள் வீட்டில் யாராவது தப்பு செய்துவிட்டு முழித்துக்கொண்டு நின்றால், பேரப்பிள்ளைகள்வரை சொல்கிறார்கள்: “பாவம், ரசம் ஊத்துங்க.” ஏன் அப்படிச் சொல்கிறோம் என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. நான் அங்கே இருந்தால் மட்டும் சவரி மெதுவாக எழுந்து நாற்காலியை மாற்றிப் போட்டுக்கொள்கிறான்.